மீன் தெரியுதா?

மனித குலத்துக்குப் பார்வை தந்தவர்களில் சூரியனுக்கு அடுத்த இடம் தனக்குத்தான் என்பது அந்தக் கண் டாக்டரின் அடக்கமான கருத்து. சூரியனாவது மேகம் மறைத்தால் ஓய்வெடுத்துக்கொள்ளும். டாக்டருக்கு அதுவும் கிடையாது. ஆகவே அந்த வரிசையில்கூட அவருக்குச் சின்ன மனக்குறை உண்டு.

இப்பேர்ப்பட்டவரின் மருத்துவமனைக்கு 'நிர்வாக இயக்குநர்' ஆக என்ன தகுதி வேண்டும்? டாக்டரின் மனைவிக்குத் தம்பியாகப் பிறந்திருக்க வேண்டும். அந்தத் தகுதியை முதல் அழுகையிலேயே பெற்றுவிட்டவர் நம்மவர். டாக்டர் அவரை "மாப்ள" என்று கூப்பிடுவார். ஊழியர்கள் முகத்துக்கு நேரே "மாப்பிள்ளை சார்" என்றார்கள்; முதுகுக்குப் பின்னால் அந்த "சார்" விழுந்துவிடும்.

வரவேற்புக் கூடத்தில் ஒரு சுவர் நீளத்துக்குக் கடல்நீர் மீன்தொட்டி இருந்தது. காத்திருப்பவர்களின் கண் குளிர வேண்டும் என்பதற்காக டாக்டர் வாங்கி வைத்தது.

"அடியில வெறும் கண்ணாடி தெரியுது மாப்ள. பாத்ரூம் மாதிரி இருக்கு. வெள்ளை மணல் வாங்கிப் போடு" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை சார் ஒரு மூட்டை பவள மணல் வாங்கினார். ஸ்டூல்மேல் ஏறி, அணையைத் திறந்துவைக்க வந்த அமைச்சரின் முகபாவத்தோடு கூடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்கு மேலேயே மூட்டையை ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் தொட்டி, சுண்ணாம்பு கரைத்த வாளியாகிவிட்டது. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் உட்பட சகலமும் மாயம்.

மீன் கடைக்குப் போன் போட்டார்.

"மணலைக் கழுவுனீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"புது மணலுங்க. எதுக்குக் கழுவணும்?"

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது.

"சரி, ஃபில்டர்ல புதுப் பஞ்சு வைங்க. கையை உள்ள விட்டுக் கலக்காதீங்க. ரெண்டு மூணு நாள் சும்மா இருங்க, தானா தெளிஞ்சிடும்."

சும்மா இருப்பதில் மாப்பிள்ளை சாருக்கு நீண்ட அனுபவம் உண்டு. பஞ்சை மாற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். டிப்போவில் வருஷா வருஷம் கேட்கிற கண் சான்றிதழுக்காக வந்தவர். காத்திருந்த நேரத்தில் தொட்டியை உற்று உற்றுப் பார்த்தார்.

"சார், இதுல மீன் எதுவும் இல்லீங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் மாப்பிள்ளை சார் வாயைத் திறந்தார். ரிசப்ஷன் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது கண்ணில் பட்டது. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

"ஏன் இல்லாம? பத்துப் பன்னெண்டு நீந்துதே. உங்களுக்குத் தெரியலையா?"

டிரைவரின் முகம் வெளுத்துப்போயிற்று. கண்ணைக் கசக்கினார். கசக்கக் கசக்கக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணுக்குச் சுவர்க் கடிகாரமும் மங்கலாகவே தெரிந்தது. தள்ளாடிக்கொண்டே டாக்டரின் அறைக்குள் போனார்.

அவர் வெளியே வந்ததும் மாப்பிள்ளை சாருக்கு அழைப்பு வந்தது.

"அந்த ஆளுகிட்ட என்ன சொன்ன?"

சொன்னார். திட்டு வாங்க வசதியாகத் தலையையும் குனிந்துகொண்டார். டாக்டரோ எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

"இத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்டது வீண் போகல மாப்ள. அது தொட்டி இல்ல, மெஷின்!"

"மாமா, அவருக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கறதைத்தான் நாங்க 'ஆரம்ப நிலை'ன்னு சொல்லுவோம்."

மறுநாள் முதல் 'முதற்கட்டப் பார்வைப் பரிசோதனை' அமலுக்கு வந்தது. உள்ளே நுழைகிறவர்களைத் தொட்டிக்கு எதிரே உட்காரவைத்து, "மீன் தெரியுதா?" என்று ரிசப்ஷன் பெண் கேட்க வேண்டும். தெரியவில்லை என்றவர்களுக்கு ஆபரேஷன். வெட்கப்பட்டுக்கொண்டு தெரிகிறது என்றவர்களுக்கு, 'இல்லாததைக் காணும் கோளாறு' என்று சொட்டு மருந்து. பாரபட்சம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

தண்ணீர்தான் ஒத்துழைக்க மறுத்தது. கடைக்காரர் சொன்னபடியே தெளியத் தொடங்கியது. மாமனும் மாப்பிள்ளையும் அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"தெளியுதே மாமா."

"தெளிய விடலாமா? கலக்கு."

ஆக, 'நிர்வாக இயக்குநர்' என்ற பதவிக்கு, இயக்குவதற்கு முதல்முறையாக ஒன்று கிடைத்தது: நீளக் காம்பு வைத்த கரண்டி. தினமும் கதவு திறக்கும் முன்பே வந்து, அடி மணலைக் கிளறிவிட்டுப் போவார். ஒரு காலை, கோமாளி மீன் ஒன்று மேலே ஒருக்களித்து மிதந்தது. கண்ணாடியில் விரலை வைத்தால் ஓடி வந்து முட்டுகிற மீன் அது. செவுளெல்லாம் வெள்ளைத் தூசி. அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"மாமா, மீன் சாகுது."

"மீனா நமக்கு பேஷன்ட்?" என்றார் டாக்டர், கருணையோடு.

சில நாள் கழித்து பஸ் டிரைவர் திரும்ப வந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் கட்டு. இன்னொரு கண்ணுக்கு நாள் குறிக்க வந்திருந்தார்.

"ஓட்ட வேணாம்னு பஸ் கழுவ விட்டுட்டாங்க சார். இதுவும் முடிஞ்சா வண்டியைக் குடுப்பாங்கல்ல?"

மாப்பிள்ளை சார் அந்தக் கட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா வந்து சேர்ந்தார். மகன் போனையே எடுப்பதில்லை என்று நேரில் பார்க்க வந்தவர், டிரைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று ரிசப்ஷனில் இருந்த பெண் புதிது. ஆள் தெரியாது, கடமை தெரியும்.

"மீன் தெரியுதாம்மா?"

"மீனா? ஒரே வெள்ளையா இருக்கே... ஐயோ! டேய், அம்மாவுக்குக் கண்ணு போச்சுடா!"

மாப்பிள்ளை சார் ஓடி வந்தார். "அம்மா, அது வந்து..." டிரைவர் ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மா மகளுக்குப் போன் போட்டாயிற்று.

"உன் புருஷன் கண் டாக்டரா இருந்து என்னடி பிரயோஜனம்? இன்னிக்கே எனக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லு!"

அடுத்த நொடி டாக்டரின் மேஜையில் போன் அடித்தது. அறைக்குள்ளிருந்து அவர் பறந்து வந்தார்.

"அத்தை, கத்தாதீங்க! உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. அது வெறும் மணல் தூசி! கழுவாம கொட்டினது உங்க புள்ளதான்!"

டிரைவர் மெல்ல எழுந்தார்.

"அப்ப எனக்கு?"

"உங்க கேஸ் வேற."

டிரைவர் மாப்பிள்ளை சார் பக்கம் திரும்பினார். "பத்துப் பன்னெண்டு நீந்துதுன்னீங்களே சார். அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

டாக்டர் முறைத்தார். அம்மா மகனின் முகத்தையே பார்த்தார். மாப்பிள்ளை சார் தொட்டியை ஒருமுறை பார்த்தார்.

"இல்லீங்க" என்றார். "எனக்கும் ஒண்ணும் தெரியல."

யாரும் சொல்லாமல் அவர் தானாகச் செய்த முதல் நிர்வாகக் காரியம் அது.

டிரைவர் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப என் கண்ணுக்குள்ளேருந்து எதை டாக்டர் எடுத்தீங்க?"

டாக்டர் மெல்ல அறைக்குள் நழுவினார். அது அவருடைய அடக்கம். பிறர் கண்ணில் மண்ணைத் தூவுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். தூவியதோடு நின்றுவிடாமல், தூவிய மண்ணை எடுக்கிறேன் என்று நல்ல கண்ணை அறுத்த பெருமை மட்டும், வேறு யாருக்கும் பங்கில்லாமல், அவருக்கே உரியது.