காலையில் மட்டும் முந்தும் கடிகாரம்

இனித் தன் வீட்டுக்குச் சுவர்க் கடிகாரமே தேவையில்லை என்று சிஸ்டம்காரர் முடிவு செய்துவிட்டார். அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் நேரம் சரிபார்த்துக் கொடுப்பவர் அவர். தெருவே அவரைச் சிஸ்டம்காரர் என்றுதான் கூப்பிடும். அப்படிப்பட்டவர் ஸ்டூல் மேல் ஏறிப் பேட்டரி மாற்றுவதாவது!

அடுப்படிச் சுவரில் செத்துப்போன கடிகாரம் மாதக்கணக்கில் மூன்றே கால் மணியையே காட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, அதுக்கு ஒரு பேட்டரி வாங்கிப் போடுங்களேன்."

"எதுக்கு? ஹால்ல என் கம்ப்யூட்டர் சிஸ்டத்துல மணி தெரியுது. எட்டிப் பார்த்துக்கோ."

"அடுப்புல வெச்சுட்டு அங்க ஓடி வரணுமா?"

"உடம்புக்கு நல்லது. உன் ஓட்டைக் கடிகாரம் ஒரு ஊர் மணிதான் காட்டும். இது எந்த நாட்டு மணியையும் காட்டும். இந்த இடத்துல தட்டிப் பக்கத்து நாட்டைத் தேர்ந்தெடுத்தா அரை மணி முன்னாடி போயிடும்."

"எங்க தட்டணும்?"

"இதோ, இங்க."

மனைவி தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். சண்டை போட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

மறுநாள் காலை சிஸ்டத்தில் மணி பார்த்துக்கொண்டு அலுவலகம் போனார். வாசலில் பூட்டு.

"என்ன சார், பூட்டு பத்திரமா இருக்கான்னு பார்க்க வந்தீங்களா?" என்றார் வாட்ச்மேன்.

செல்போனைத் திறந்து பார்த்தார். வீட்டில் அதை அணைத்தே வைத்திருப்பார். திறந்தால் மேனேஜர் குரல் உள்ளே வந்துவிடும். அரை மணி முன்னதாக வந்திருந்தார். முதலில் சந்தோஷம்தான். இன்னொரு நாள் தாமதமாக வந்தால் நைட் ஷிப்டு என்று மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பிறகு யோசனை வந்தது. இன்று முந்துகிற கடிகாரம் நாளை பிந்தாது என்று என்ன நிச்சயம்?

சாயங்காலம் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்துப் போட்டார். கடிகாரம் சரியான மணி காட்டியது.

"என்னங்க கோளாறு?" என்று மனைவி வந்து நின்றாள்.

"உள்ளே ரெண்டு கடிகாரம். ஒண்ணு போர்டுல இருக்கு. கரண்ட் இல்லாட்டியும் குட்டி பேட்டரியில ஓடும். இன்னொண்ணு சிஸ்டத்தோடது. அது எழுந்ததும் முதல் கடிகாரத்தைக் கேட்டுத்தான் மணி தெரிஞ்சுக்கும். அப்புறம் இன்டர்நெட்டைக் கேட்டுச் சரிபண்ணிக்கும்."

"இத்தனை பேரைக் கேட்டுமா தப்பாச் சொல்லுது? நாடு கீடு மாறிப்போச்சோ?"

"அது சின்னப் பசங்க பண்ற தப்பு!" என்றார். இருந்தாலும் பார்த்தார். சரியாகவே இருந்தது. "குட்டி பேட்டரிதான். கடைக்குப் போறேன்."

"அப்படியே சுவர்க் கடிகாரத்துக்கும் ஒண்ணு..."

"இருக்கிற தலைவலியில அது வேறயா!"

புது பேட்டரி போட்டும் மறுநாள் காலை பூட்டுதான் வரவேற்றது. அதற்கு அடுத்த நாள் அவர் உஷாராகிவிட்டார். 'அரை மணி பொய் சொல்லுது, கழிச்சுக்கோ' என்று நிதானமாகக் குளித்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி கேட்டபோதுதான் தெரிந்தது, அன்று பார்த்துக் கடிகாரம் உண்மை பேசியிருந்தது. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி, கதவு சாத்தும்போது நுழைந்தார். மேனேஜர் நின்றிருந்தார்.

"தூக்கம் கெட்டா உங்களுக்கு ஒத்துக்குமா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அதன்பின் ஒரு காலை முந்தும். ஒரு காலை ஒழுங்காக ஓடும். சாயங்காலம் பிரித்தால் பரம யோக்கியன் போல் இருக்கும். போர்டைச் சந்தேகித்தார், இன்டர்நெட்டைச் சந்தேகித்தார், கடைசியில் தன்னையே சந்தேகித்தார். ஊரார் நேரத்தையெல்லாம் சரிபார்த்தவனுக்கு ஐம்பதைத் தாண்டியதும் தன் நேரம் புரியாமல் போகிறதோ? எத்தனை விஷயத்தை இப்படித் தப்பாகப் பார்த்துத் தொலைத்தோமோ? சாப்பாடு இறங்கவில்லை.

"ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கடிகாரம் இருந்தா நல்லாயிருக்கும், இல்லீங்க?" என்றாள் மனைவி, எங்கோ பார்த்துக்கொண்டு.

அவர் நிமிர்ந்தார். "ஒப்பீடு! இது ஏன் எனக்குத் தோணாம போச்சு? இல்லை, தோணிச்சு. சொல்ல வாயெடுத்தேன், நீ முந்திக்கிட்டே."

கடைக்கு ஓடினார். ஸ்டூல் மேல் ஏறினார். சுவர்க் கடிகாரம் ஓடியது. மறுநாளிலிருந்து சிஸ்டமும் ஒரு நொடி பிசகாமல் ஓடியது. தன் வைத்தியத்தின் மகிமையைத் தெருவில் சிக்கியவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார்.

"சகலை, எங்க கம்ப்யூட்டர்ல காலையில மட்டும் மணி அரை மணி முன்னாடி ஓடுது. சாயங்காலம் சரியாயிடுது. பைத்தியம் பிடிச்சுடும் போல."

சிஸ்டம்காரர் தொண்டையைச் செருமி, "உள்ளே ரெண்டு கடிகாரம்..." என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றார். மெல்ல அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"சகலை, வீட்டுல ஏதாவது ரிப்பேர் பார்க்காம கிடக்கா?"

"குளியலறைத் தாழ்ப்பாள் ஆடுது. அவ சொல்லிக்கிட்டேதான் இருக்கா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தாழ்ப்பாளை மாத்துங்க. மணி தானா சரியாயிடும்."

போனை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"நீதானா?"

"தினமுமா மாத்தினேன்? நடுநடுவுல லீவு விட்டேனே."

"என்னை நைட் ஷிப்டுல போட்டிருந்தா?"

"அதுக்குத்தானே முன்னாடி ஓடவிட்டேன். நீங்க ராத்திரி வேலைக்குப் போயிட்டா ஸ்டூல்ல யார் ஏறுறது?"

அவர் விறுவிறுவென்று போய் சிஸ்டத்துக்குப் புது பாஸ்வேர்டு போட்டார். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, "இனிமே ஒருத்தரும் தொட முடியாது!" என்று வீடு கேட்கச் சொன்னார்.

"நல்லதுங்க," என்றது அடுப்படி. "இங்க குழாய் ஒழுகி ஒழுகிக் கீழே இருக்கிற சாமானெல்லாம் ஈரமாகுது. ஆமா, உங்க இன்டர்நெட் பெட்டியையும் குழாய்க்குக் கீழேதானே மாட்டியிருக்கீங்க?"

சிஸ்டம்காரர் ஸ்பானரைத் தேட எழுந்தார்.