ஓரெஸ்ட் புல்லை ஒழித்த கதை

பனி உருகிப் புல் தலைகாட்டிய அன்றே, கனடாவின் வின்னிபெக் நகரத்து ஓரெஸ்ட் சமையலறையில் நின்று சபதம் போட்டார்.

"இனிமே என் சனிக்கிழமையில புல்லுக்குப் பங்கு கிடையாது. கொல்லை முழுக்கச் சரளைக்கல். தண்ணி வேணாம், உரம் வேணாம், வெட்ட வேணாம். நானும் சோபாவும், அவ்வளவுதான்."

சண்டைக்கு ஏழெட்டு பதில்களை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தார். அவர் மனைவி டார்க்காவோ வாணலியில் பெரோகிக் கொழுக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டே, "நல்ல யோசனை" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் விழாத சொற்கள். ஓரெஸ்டுக்குத் திக்கென்றது.

"ஆனா தரை சமமா இருக்கணும் ஓரெஸ்ட். எனக்குக் கால் பிசகிடும். சுத்தி முழங்கால் உசரத்துக்குப் பலகை அடிச்சிடு. கல்லு வெளிய ஓடக் கூடாது பாரு."

அதென்ன, கல் எகிறிக் குதிக்குமா என்று பக்கத்து வீட்டு கன்னர் வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார். பெண்டாட்டி சம்மதித்த மயக்கத்தில் இருந்தவருக்கு அது உறைக்கவில்லை. கொல்லையின் நட்டநடுவில் இருந்த லைலாக் செடியை டார்க்காவே பெயர்த்து ஓரமாக நட்டபோது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்காக எப்பேர்ப்பட்ட தியாகம்! கல்லின் அழகை மாலையிலும் ரசிக்க ஒரு விளக்குக் கம்பம் கேட்டாள். ஒன்று என்ன, இரண்டாக நட்டார்.

அந்தக் கோடை முழுக்க ஓரெஸ்ட் ராஜா. புல்வெட்டும் இயந்திரத்தைக் கன்னருக்கே தானம் செய்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கையில் பீரோடு, வேலிக்கு அப்பால் புல் வெட்டுபவரைப் பார்த்து, "அந்தப் பக்கம் ஒரு கோடு விட்டுட்ட கன்னர்" என்று வேலை வாங்கினார்.

நவம்பரில் குளிர் இறுகியது. ஒரு சனிக்கிழமை சோபாவில் கண் விழித்தால், ஜன்னலுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் தோளில் ஐஸில் சறுக்கும் காலணியோடு நிற்கிறார்கள். நிலவறைப் படியேறி வந்தாள் டார்க்கா. காலில், கல்லூரியில் ஐஸ் ஹாக்கி கோல் காத்த காலத்துத் தடித்த கால்கவசம். கக்கத்தில் கொல்லை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.

"இதைக் கல்லு மேல விரிச்சுத் தண்ணி விடு."

"எதுக்கு?"

"கல்யாணமான மொதக் குளிர்காலத்துல, கொல்லையில ஒரு ஐஸ் சறுக்குக் களம் போட்டுக் குடுன்னு கேட்டேன். ஐயா என்ன சொன்னீங்க?" அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மூக்கால் பேசும் அவர் குரலை அச்சாக எடுத்தாள். "'தரை கோணல், டார்க்கா. சுத்தித் தடுப்பு இல்ல. நடுவுல லைலாக் வேற. இல்லேன்னா போட மாட்டேனா?'"

ஓரெஸ்ட் விரிப்பை வாங்கிக்கொண்டு கொல்லைக்கு இறங்கினார்.

அன்று முதல் தினமும் பனியை வழித்துத் தள்ளுவதும், வெடித்த ஐஸுக்குக் குழாய்த் தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. விளக்கொளியில் டார்க்கா பறந்து பறந்து கோலைத் தடுக்க, பிள்ளைகள் போடும் கூச்சலில் தெருவே திருவிழாவானது.

"அந்தப் பக்கம் ஒரு கோடு விட்டுட்ட ஓரெஸ்ட்" என்றார் கன்னர், வேலிக்கு மேலிருந்து.

"என் சனிக்கிழமை?" என்று குழாயும் கையுமாக மனைவியிடம் முனகினார் ஓரெஸ்ட்.

"கோடையில உன்னை யாராவது தொட்டாங்களா? கோடை வரட்டும்."

வரும். வின்னிபெக்கில் கோடை என்பது, இரண்டு குளிர்காலங்களுக்கு நடுவே விடுகிற இடைவேளை.