நாற்பத்து மூன்று வயது வாலிபர்

தேவாலயத்தில் மூப்பர் உண்டு, பாடகர் உண்டு, பிரசங்கம் தொடங்கி மூன்றாம் நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் கனவான்களும் உண்டு. அவர்களை இன்றைக்கு விட்டுவிடுவோம். நாம் பார்க்கப்போவது, இளசுகளை இழுத்துப் பிடிப்பதற்கென்றே பிறவியெடுத்த ஓர் இனத்தை. வாலிபர் சங்கம் உள்ள ஊரிலெல்லாம் இந்த இனத்தில் ஒருவர் நிச்சயம் இருப்பார். வாலிபர்தான் இருக்கமாட்டார்கள்.

கல்முனையில் ஒரு சின்ன ஆலயத்துக்கு வாய்த்தவர் நேசரட்ணம். கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். வயது நாற்பத்து மூன்று. தலைமயிர் பெரும்பகுதி விடைபெற்றுப் போய்விட்டது. உலக யுத்தம் தொடங்கிய காலத்தில் சங்கத் தலைவராகத் தெரிவான மனிதர், யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் கப்பலேறி, கூப்பன் அரிசி விலை ஏறி இறங்கிய பிறகும், தாம் மட்டும் அந்த நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. வாலிபம் மனதில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. ஆகையால் சங்கத்தில் ஒருவரும் அவரை ஐயா, மாமா என்று கூப்பிடப்படாது. 'தலைவர் அண்ணன்' என்றே சொல்லவேண்டும். அவருடைய மகன் தேவராசாவும் பதினாறு வயதில் சங்கத்து உறுப்பினன்தான். சனிக்கிழமை மூன்றரை மணியிலிருந்து ஐந்தரை மணிவரை அவனும் பெற்ற தகப்பனை அப்படித்தான் அழைத்தாகவேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றல்லவா?

வாலிபருக்கு என்ன வேண்டும் என்று ஓயாமல் கேட்பார் நேசரட்ணம். பதிலை மட்டும் தாமே சொல்லிவிடுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பதைக் கண்டுபிடித்தவரே தாம்தான் என்று அவருக்கு நினைப்பு. நேரமில்லாததென்னவோ மெய்தான். எஸ்.எஸ்.சி. சோதனைக்குப் படிக்கவேண்டும், தகப்பனோடு சவளக்கடை வயலுக்குப் போகவேண்டும், வீட்டுக்குத் தண்ணீர் அள்ளவேண்டும், பொழுது மிஞ்சினால் கல்முனைக்குடியில் துணி வியாபாரி மஜீட்டின் தென்னந்தோட்டத்தில் கரப்பந்து அடிக்கவேண்டும். நேசரட்ணம் விடுவாரா? 'அவசர வாலிபருக்கு அவசியமான சங்கம்' என்று மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். ஓய்வே இல்லாத பிள்ளைகளுக்கு ஓய்வுநேரத்தை எப்படிச் செலவிடுவது என்று ஆறு கிழமை பேசினார். கரம்போர்ட் வாங்கினார்; அதில் கைவைக்குமுன் கரம் விளையாட்டும் கிறிஸ்தவ ஒழுக்கமும் பற்றி முக்கால் மணித்தியாலம். இடாப்பில் பெயர் கூப்பிடும்போது ஆளுக்கொரு வேதவசனம் சொல்வது சங்கத்து வழக்கம். பயல்கள் பதினொரு பேரும் வேதத்திலேயே மிகச் சின்ன வசனத்தை வரிசையாகச் சொல்லி அரை நிமிடத்தில் இடாப்பை முடித்துவிட, வசனத்துக்குக் குறைந்தது பத்துச் சொல் என்று சட்டத்தைத் திருத்தினார். அடுத்த கிழமை ஆறு பேர் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை மூன்று பேர். பிறகு தலைவரும் கரம்போர்டும் மிஞ்சினார்கள். தேவராசாகூட வகுப்பு இருக்கிறதென்று மெல்ல நழுவிவிட்டான்.

அப்போதுதான் மட்டக்களப்பிலிருந்து கடிதம் வந்தது. வருகிற சனிக்கிழமை நாலு மணிக்குப் பெரிய போதகர் சங்கத்தைப் பார்க்க வருகிறார். பத்துத் தலையாவது இல்லாவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். நேசரட்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. தலைவர் அண்ணன் இல்லையென்றால் அவர் யார்? வழுக்கை விழுந்த ஒரு கிளாக்கர். கந்தோரில் ஒரு பியோன்கூட அவர் சொல் கேட்பதில்லை.

சனிக்கிழமை மூன்றரைக்கு மண்டபத்தில் ஒரு காகமும் இல்லை. மனைவி கிருபாமலரிடம் ஓடினார். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "கல்முனைக்குடிக்குப் போய்ப் பாருங்க. ஒங்கட மகனும் அங்கதான்."

சைக்கிளை மிதித்துத் தென்னந்தோட்டத்துக்குப் போனார். அஸர் தொழுகை நேரம். முஸ்லிம் பையன்கள் பந்தை வலைக்குக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். தென்னை நிழலில் அவருடைய பதினொரு பேரும் வட்டமாக இருந்தார்கள். தேவராசா சட்டைக்குள்ளிருந்து வேதபுத்தகத்தை எடுத்து ஒரு பகுதி வாசித்தான். ஒருவன் ஜெபித்தான். காய்ச்சலில் கிடக்கும் சபைக்காரர் இராசதுரையின் வயலுக்கு வரம்பு கட்ட யார் யார் போவது என்று பேசித் தீர்த்தார்கள். ஆமென். எல்லாம் பத்து நிமிடம்.

தொழுதுவிட்டு வந்த மஜீட் வேலியோரம் அவரைக் கண்டு சிரித்தார். "கிழமைக்குக் கிழமை இப்பிடித்தான் கிளாக்கர். நாங்க தொழப் போற நேரத்துல அவங்களும் அவங்கட கூட்டத்த வெச்சி முடிச்சிருவாங்க. ஆருக்கும் சுணக்கமில்ல."

நேசரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருடம் தேடிய சங்கம் இந்தா இருக்கிறது. நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சத்தம்போடாமல் திரும்பியிருப்பீர்களா? எங்கே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அவர் சைக்கிளைத் தென்னையில் சாத்தினார். போதகரைக் கூட்டிவரத் தேவராசாவை அனுப்பினார். வட்டத்தின் நடுவில் போய் நின்று, இரண்டே இரண்டு வார்த்தை என்றார். அந்த இரண்டு வார்த்தை ஐம்பது நிமிடம் எடுத்தது. போதகர் வந்து, பரவசப்பட்டு, தலைகளை எண்ணி இருபத்து மூன்று என்று குறித்துக்கொண்டார். அதில் பன்னிரண்டு பேர், பெரியவர் பேசும்போது குறுக்கே போகக்கூடாதென்ற மரியாதையில் பந்தோடு காத்துநின்ற முஸ்லிம் பிள்ளைகள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சங்கம் தப்பியது. தலைவர் பதவியும் தப்பியது.

அடுத்த சனிக்கிழமை நேசரட்ணம் ஒன்பது பக்கத்தில் உரை எழுதிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். வலை கட்டிய கம்பு மட்டும் நின்றது. மஜீட் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பகுதியாரும் எடம் மாறிட்டாங்க கிளாக்கர். எங்கயெண்டு ஒங்களுக்கு மட்டும் சொல்லப்படாதாம்."

மாலையில் தேவராசா கிணற்றடியில் காலில் மணல் கழுவிக்கொண்டிருந்தான். நேசரட்ணம் கோபிக்கவில்லை. தலைவர் என்ற முறையில் கேட்பதாகச் சொல்லி, சங்கம் இப்போது எங்கே கூடுகிறது என்று தணிந்த குரலில் கேட்டார். பையனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"அது வாலிபர் மட்டும் கூடுற எடம், அப்பா."

அந்தக் கடைசிச் சொல்லில் நேசரட்ணத்துக்கு நாற்பத்து மூன்று வயதும் ஒரேயடியாக வந்து சேர்ந்தது.

சிரித்தாயிற்றா? நல்லது. நீங்களும் இளையவர்களுடைய நன்மைக்கென்று ஏதோவொரு கழகமோ சபையோ நடத்தாமலா இருப்பீர்கள்? அடுத்த கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேச எழும்பும்போது, யாராவது பந்தோடு காத்துநிற்கிறார்களா என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால் நிம்மதிப்படவேண்டாம். அவர்கள் முந்தியே இடம் மாறியிருப்பார்கள்.