நாலு ராட்சசர்களும் ஒரு குகை வாசலும்

குள்ளமானவன் கையில் அதிகாரத்தைக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. நாட்டு நடப்பை வைத்துச் சொல்லவில்லை, என்னை வைத்தே சொல்கிறேன். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் (செருப்போடு).

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கோயில் உற்சவத்துக்குச் சாமி தூக்க, ஒரே உயரமான ஆட்களாகப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். தோள் சமமாக இல்லாவிட்டால் சாமி சாய்ந்துவிடும். வருஷா வருஷம் நானும் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் நிற்பேன். ஆள் பொறுக்கும் நாகு அண்ணன் என்னைப் பார்த்ததுமே, "உனுக்கு உயரம் பத்தாதுபா. போய்த் தீவட்டி புடி" என்பார். ஏழு வருஷம் தீவட்டி பிடித்தேன். வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் ஒரு விளையாட்டு வந்து இறங்கியது. நாலு பேர் கொண்ட கோஷ்டி, ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, குகைக்குள் புகுந்து கிரீடத்தை எடுக்க வேண்டும். முதலில் என்ன பிறவி (மனிதன், குள்ளன், ராட்சசன்), என்ன தொழில் (வீரன், வைத்தியன், மந்திரவாதி, திருடன்) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நிஜத்தில் இந்த இரண்டையும் நம்மைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள் என்பதால், எங்களுக்கு அது பரம சுகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய காஞ்சிபுரம் பையன்களோடு போட்டி. நான்தான் கேப்டன். "சென்னைல எங்க மாமா வீட்ல இத ஆடி முடிச்சிட்டேன்" என்று புளுகியிருந்தேன். (மாமா வீட்டில் இருந்தது டைப்ரைட்டர்.) புளுகியதெல்லாம் கல்லாவில் உட்காரும் ஜெயந்திக்காக. சென்டர்காரரின் தங்கை, என்னைவிட இரண்டு விரற்கடை உயரம். ஜெயித்தால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று உயிராக நம்பினேன். (குனிந்துதான் பார்க்க வேண்டும், பரவாயில்லை.)

எங்கள் கோஷ்டியில் நான், டில்லி, சேகர் என்று மூன்றே பேர். அன்று ஜெயந்தி தானாகவே வந்து, "நாலாவது ஆளா நான் வர்றேன். குள்ளத் திருடியா இருந்துக்கிறேன்" என்றாள்.

தெய்வமே இறங்கி வந்து கொடுத்த வரம். நான் என்ன செய்தேன்? நாகு அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

"கோஷ்டின்னா தோள் சமமா இருக்கணும். நாலு பேரும் ராட்சசன், நாலு பேரும் வீரன். குள்ளனுக்கெல்லாம் உயரம் பத்தாது."

"அடிபட்டா வைத்தியம் யாருடா பாக்கறது?" என்றான் டில்லி.

"ராட்சசனுக்கு இன்னாத்துக்குடா வைத்தியம்?"

ஜெயந்தி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள் (அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை). "சரிபா" என்று சொல்லிவிட்டு, ஆள் குறைந்திருந்த எதிர்க் கோஷ்டியில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் மவுஸையே முதல்முறையாகத் தொடும் ஒருவனைப் பிடித்து நாலாவது ராட்சசனாக்கினோம்.

முதல் பத்து நிமிஷம் எங்கள் ராஜ்ஜியம்தான். வழியில் சும்மா நின்ற வியாபாரியைக்கூட விடாமல் அடித்தோம். அப்புறம் குகை வந்தது. அதன் வாசல் எங்கள் ராட்சசர்களின் இடுப்புயரம்கூட இல்லை. ராட்சசனுக்குக் குனியத் தெரியாது. நாலு பேரும் வாசலில் முட்டி முட்டி நின்றோம். பின்னாலிருந்து ஓநாய்கள் வந்து கடித்தன. வைத்தியம் பார்க்க நாதியில்லை.

"கொஞ்சம் வழி வுடுங்கபா" என்று பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து குரல் வந்தது. ஒரு குள்ளத் திருடி எங்கள் எட்டுக் கால்களுக்கு நடுவில் புகுந்து உள்ளே போய், கிரீடத்தோடு திரும்பினாள்.

சென்டரே சிரித்தது. அவள் அண்ணன் மட்டும் சிரிக்காமல், நிஜமான அக்கறையோடு கேட்டார்: "சென்னைல எப்பிடி தம்பி உள்ள போன?"

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. அந்தச் சந்தில்கூட ராட்சசன் நுழைய முடியாது என்பது வேறு விஷயம்.

ஆனாலும் மெயில் பார்க்கிற சாக்கில் ஆறு வருஷம் அங்கேயே பழியாய்க் கிடந்தேன். (எனக்கு யாரும் மெயில் அனுப்பவில்லை.) கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்கவே போய்விட்டேன். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். "பையனப் புடிச்சிருக்குதாமா?" என்று அவளைக் கேட்டார்கள்.

ஜெயந்தி நிதானமாகச் சொன்னாள்: "உயரம் பத்தாதுதான். ஆனா குகைக்குள்ள போவ ஒரு ஆள் வேணுமே."

கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. அவள் அண்ணனுக்கு மட்டும் கேசரி புரையேறிவிட்டது.

இன்றைக்கும் கட்டிலுக்கடியில் பந்து போனால், என் மகள் "ராட்சசனைக் கூப்புடுமா" என்று கத்துகிறாள். நானும் போய் எடுத்துத் தருகிறேன். பெரிதாகக் குனிய வேண்டியிருப்பதில்லை.