பம்பு ஓடாமல் சூடான மாடி அறை

"உன் அக்கா இந்தத் தடவை மூணே நாள்ல கிளம்பிடுவா, பாரு!" என்று என் வீட்டுக்காரர் லெஷெக் அடித்துச் சொன்னார்.

அக்கா யத்விகா நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள். ஒரு மாதம் சூடான அறையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் மலையூரான நோவி தார்கில் ஜனவரி மாதம், குளிர் ஜன்னலுக்கு வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இவருக்கோ, சீட்டாட்டத்தில் அக்கா தன்னை ஒரு தடவைகூட ஜெயிக்க விடுவதில்லை என்று கோபம்.

எங்கள் வீட்டில் நிலவறைக் கொதிகலனிலிருந்து வெந்நீர் குழாயில் ஓடி, சுவரோர ரேடியேட்டர்களைச் சூடாக்கும். அக்கா தங்கிய மாடி அறைக்குத் தனி பம்பு. இவர் அதை நிறுத்திவிட்டு வந்தார். முகத்தில் எழவு வீட்டுக் களை.

"பம்பு கெட்டுப்போச்சு மதினி. மாடி அறை ஐஸ்கட்டிதான்."

மறுநாள் அக்கா வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தாள்.

"பம்பு ஓடாமலே என்னமாச் சூடு மாப்பிள்ளை! மாதா கிருபை!"

"கிருபையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சூட்டுத் தண்ணி தானா மேல ஏறும்."

"அதை அப்படிப் படைச்சது யாரு?"

இவர் தொப்பியை எடுத்து மாட்டினார்.

ரேடியேட்டர் திருகை மூடினால் அக்கா திறந்துவிடுவாள். ஆகவே கடைக்கு ஓடி ஒருவழி வால்வு வாங்கி வந்தார். பம்பு தள்ளினால்தான் அது வழிவிடும். தண்ணீர் தானாக ஏறப் பார்த்தால் கதவைச் சாத்திவிடும். அரை நாள் நிலவறையில் டமால் டுமீல்.

"என்ன செஞ்சீங்க?"

"சும்மா குழாயைத் துடைச்சேன்."

"துடைச்சதுக்கா சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு?"

சாயங்காலம் மாடி ரேடியேட்டரைத் தொட்டேன். சில்லிட்டுப் போயிருந்தது. அக்கா லொக்கு லொக்கென்று இருமினாள். பதறிப்போய் ஜெபமாலையை எடுத்தேன். பத்து 'அருள் நிறைந்த மரியே' முடிவதற்குள் வழி தெரிந்துவிட்டது.

"என்னங்க, மாடி அறை குளிருது."

"அடடா, பாவம்! நாளைக்கே பஸ் ஏத்திடலாம்."

"எதுக்கு? கீழ நம்ம அறை கதகதன்னு இருக்கே. அக்காவை அங்க மாத்திட்டேன். இருமினா பார்த்துக்க நானும் அவகூடப் படுத்துக்கறேன்."

"அப்ப நான்?"

"வீட்டுக்கு விருந்தாளி வந்தா கடவுளே வந்த மாதிரின்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே. கடவுளைக் குளிர்ல படுக்க வைக்கலாமா? உங்க தலையணையும் மூணு கம்பளியும் மாடிக்குப் போயாச்சு."

இவர் முனகிக்கொண்டே மாடிப்படி ஏறினார். பம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வார்?

அன்று ராத்திரி அக்கா இருமவே இல்லை. கொடியேற்றிய திருவிழா மாதிரி என் மனசு களைகட்டிவிட்டது.

காலையில் தக்காளிபோல் சிவந்த மூக்கோடு இவர் படியிறங்கி வந்தார்.

"போஷெனா, அதிசயத்தைக் கேளு. பம்பு தானாவே சரியாயிடுச்சு!"

"ரொம்ப நல்லதுங்க" என்றேன். "இனி இந்த மாசம் முழுக்க மாடியில உங்களுக்குக் குளிராது."