குவைத்தாரின் எண்ணெய்க் கிணறு

நாமக்கல் சீமையில் பூமிக்கடியில் பெட்ரோல் ஓடுகிறது என்று நம்புகிற ஆள் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அந்த ஒருவரைத்தான் நான் தண்ணீருக்கு போர் போடக் கூப்பிட்டேன்.

அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்று வரை தெரியாது. திருச்செங்கோட்டுப் பக்கம் எல்லோருக்கும் அவர் குவைத்தார். போர் போடுகிற பழைய ரிக் வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறார். வாலிபத்தில் குவைத்தில் இருந்தாராம். அங்கே எண்ணெய்க் கிணற்றிலா வேலை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அங்கே அவர் ஓட்டியது தண்ணி லாரி என்பது பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் நாட்டில் தண்ணீர் சுமந்துவிட்டு, நம் காய்ந்த காட்டுக்கு வந்து எண்ணெய் தேடுகிற மனுசன்.

உலகத்தில் நடக்கிற எதற்கும் அவரிடம் ஒரே காரணம்தான். முட்டை விலை இறங்கினாலும் எண்ணெய்தான், ஒரு வீட்டில் கல்யாணம் தள்ளிப்போனாலும் எண்ணெய்தான்.

"டீசல் ஏறுனா லாரி வாடக ஏறுமுங்க. வாடக ஏறுனா மக்காச்சோளம் ஏறும். அது ஏறுனா நீங்க தீவனத்துல கைய வெப்பீங்க. கோழிக்கு மூடு போயிருமுங்க ஆத்தா. நம்மூருச் சந்தோசம் பூராவும் அரபிக்காரன் கையில இருக்குது."

கோழிப்பண்ணை வைத்திருக்கிற எனக்கே இந்தப் பாடம். சொன்னதில் பாதி சரியாக இருப்பதுதான் தொந்தரவு.

மூடு என்பது அவருக்குப் பெரிய சங்கதி. தோட்டத்துக்காரருக்கு மனசு சரியில்லை என்றால் துளை போடுகிற பிட்டை மண்ணில் வைக்க மாட்டார். ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் ஓடிக்கொண்டிருக்கும்போது புருசனும் பெண்டாட்டியும் சண்டை போட்டிருக்கிறார்கள். "சமாதானமாயிட்டுக் கூப்புடுங்க, பாறை மொகத்தத் திருப்பிக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவரைத் திட்டியதில் சமாதானமாகி, மறுபடி கூப்பிட்டார்கள். தண்ணீரும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரோடு யாராலும் பேச முடியவில்லை.

ரிக் வண்டியின் மேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி கட்டியிருப்பார். எந்நேரமும் அரபிப் பாட்டு. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி ஒருவன் இழுத்து இழுத்துப் பாடுவான். கம்ப்ரசர் போடுகிற சத்தத்தில் அது யார் காதில் விழும்?

"மேல இருக்கறவங்களுக்கு இல்லீங்க ஆத்தா. கீழ இருக்கற பாறைக்கு."

"பாறைக்கு அரபி தெரியுமா சாமி?"

"எனக்கே தெரியாதுங்க."

போன கோடையில் என் பண்ணையில் இருந்த இரண்டு போரும் வற்றிவிட்டன. "கோழிய வித்துப்போட்டு எங்ககூட வந்து இரு" என்று சேலத்திலிருந்து மகள் போன் மேல் போன் போட்டாள். தனியாளாக இந்தப் பண்ணையை நடத்துகிறவள் நான். மகள் வீடானாலும், அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. கடைசியாக ஒரு போர் போடுவது, வராவிட்டால் கோழிகளை ஏற்றி அனுப்பிவிட்டுப் போவது என்று சொல்லிவிட்டேன். கோடை மும்முரத்தில் கூப்பிட்டவுடன் கிடைத்தது குவைத்தார் வண்டி ஒன்றுதான்.

வந்ததும் கேட்டார். "மனசு எப்புடி இருக்குதுங்க ஆத்தா?"

"தண்ணி வந்தா நல்லாருக்கும்."

"முன்னாலயே நல்லா இருக்கோணுமுங்க."

"சரி, நல்லாருக்குது. போடு."

என் முகத்தைப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம்."

வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தேன்.

கம்ப்ரசர் சத்தத்துக்குக் கோழி மிரளும், பாட்டுக் கேட்டால் மிரளாது என்று ஸ்பீக்கரைக் கொட்டகைப் பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் முட்டை குறையவில்லை. பாட்டுதான் காரணம் என்பது அவர் கட்சி. தீவனம் போட்டது நான்.

காலையில் தொடங்கிய போர், மத்தியானம் வரை வெறும் பாறை மாவாகவே கக்கியது. ஆயிரம் அடி வரைக்கும்தான் என் கையில் பணம். அந்த அடியை நெருங்கும்போது மாவு கொஞ்சம் ஈரமாக வந்தது. குவைத்தார் அதை உள்ளங்கையில் அள்ளி வெயிலில் காட்டினார். மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம். மோந்து பார்த்தார். கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த அரபிப் பாட்டு எல்லோருக்கும் கேட்டது.

"ஆத்தா," என்றார். "எண்ணெய்ங்க."

சேதி எப்படிப் போனதோ தெரியாது, கொஞ்ச நேரத்தில் தோட்டம் நிறைய ஆள். மேற்குக் காட்டுப் பங்காளி, வரப்புத் தகராறில் பல வருசமாக என்னோடு பேசாதவர், முதல் ஆளாக வந்து கையை விட்டு மோந்து பார்த்தார்.

"சாப்டீங்களா அண்ணி?" என்றார்.

"ஆச்சு."

"எண்ணெய் ஒரு எடத்துல நிக்காதுங்க அண்ணி. வரப்புக்குக் கீழ நம்ம பக்கமுந்தான் ஓடும்."

"வரப்ப வெட்டித் தின்னவனுக்கு மேல இருக்கறது போதும் சாமி. கீழ இருக்கறது எனக்கு."

முகத்துக்கு நேரே சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பொய் என் வாயில் வராது என்று ஊருக்கே தெரியும்.

குவைத்தாரிடம் கேட்டேன். "தண்ணி வருமா வராதா?"

"தண்ணி எதுக்குங்க இனி? நாளைக்கு உங்க கோழிக்கு நீங்க பாட்டில் தண்ணி ஊத்தலாம்."

"என்ற கோழி இன்னிக்குக் குடிக்கோணும். ஆயிரம் அடி ஆயிப்போச்சு. என்ற பணம் இதோட சரி. வண்டிய எடு."

அவர் நகரவில்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமேப்பட்டுப் போற அடி என்னோடதுங்க. டீசலும் என்னோடது. அத்தன வருசம் அங்க இருந்தும் எண்ணெய நான் கண்ணுல பாக்கலீங்க ஆத்தா. ஒருக்காவாச்சும் பாக்கோணும்."

நான் குழியை விட்டுத் தள்ளி நின்றேன். கம்ப்ரசர் மறுபடி ஓடியது.

வெயில் இறங்குகிற நேரத்துக்கு அடியில் ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம். குழியிலிருந்து வண்டி உயரத்துக்கு எகிறி அடித்தது. நின்றவர்கள் எல்லோரும் தெப்பமாக நனைந்துவிட்டார்கள். பங்காளி மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னோடு மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

குவைத்தார் கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். படலமும் இல்லை, வாசமும் இல்லை. பாறையை இடிக்கிற ஹேமர் தேயாமல் இருக்க அவரே ஊற்றுகிற ஆயில்தான் காற்றோடு இறங்கி மாவில் கலந்து மேலே வந்திருக்கிறது. ரிக் வண்டியில் ஏறின எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரிந்துகொள்ள அவருக்கு மனசில்லை.

"தண்ணிதானுங்க ஆத்தா," என்றார், எழவு சொல்லுகிற மாதிரி. போய்ப் பாட்டையும் நிறுத்தினார்.

உட்கார வைத்து முட்டைக் குழம்பும் சோறும் போட்டேன். மூடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஆயிரத்துக்குக் கீழே போன அடிக்குக் காசு கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது என்ற ஆசைக்குப் போட்டதுங்க."

அந்தத் தண்ணீரைத்தான் என் கோழிகள் இன்றும் குடிக்கின்றன. மகளும் போனில் கோழியை விற்கிற பேச்சை எடுப்பதில்லை. இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குவைத்தார் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கேட்பார்.

"ஆத்தா, தண்ணியில ஏதாச்சும் வாசம் வருதுங்களா?"

"நேத்துக் காலையில லேசா வந்த மாதிரி இருந்துச்சு சாமி," என்பேன். "எறங்கி வந்து நீயே மோந்து பாரு. சோறும் ஆயிருச்சு."