கூட்டேரிப்பட்டில் இண்டர்வெல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பஸ்ஸில் பேய்க்குப் பயப்படாத பயணி என்று யாராவது இருந்தால், அவர் இன்னும் இண்டர்வெல்லின் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம்.

இண்டர்வெல், எங்கள் அலுவலகத்தின் ரெக்கார்டு கிளார்க். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருவருக்கும் வீடு விழுப்புரம், வேலை திண்டிவனம், பதினோரு வருடமாக ஒரே பஸ். அத்தனை வருடமும் அவர் சொன்னது ஒரே கதை. ஒரு பேய்ப் படத்தின் முதல் பாகம். அந்தப் படத்துக்கு இப்போது ஒன்பது பாகங்கள் வந்துவிட்டன. அவர் ஒன்றை விட்டு நகரவில்லை.

"முதல் பார்ட்டுல பேயே வராது சார். கதவு மட்டும்தான். அது தெனம் ஒரு சாண் தெறக்கும்." கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து என் மூக்குக்கு நேராகக் காட்டுவார். "யாரு தெறக்கிறாங்கன்னு தெரியாது. அதுக்கே முதுகு வேர்த்துடும்."

"மத்த பார்ட்டெல்லாம்?"

"போஸ்டர்லயே பல்லு தெரியுது சார். பல்லு தெரிஞ்சா அது பேயி இல்ல, பல் டாக்டர் கேசு. ரெண்டுல பேய்க்கு மூஞ்சி குடுத்தான். மூணுல ஃப்ளாஷ்பேக் குடுத்தான். நாலுல தங்கச்சி குடுத்தான். இனிமே ரேஷன் கார்டு ஒண்ணுதான் பாக்கி."

மலை மேல் ஒரு வீடு. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண். பஸ் கிளம்பியதும் கதை கிளம்பும். கதவு வரும் இடத்தில் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியைச் சரியாக ஒரு சாண் நகர்த்துவார். அந்தக் கண்ணாடி போடும் கிறீச் சத்தத்தில் முன்சீட்டுக் குழந்தைகள் தாயின் மடிக்குள் போய்விடும்.

"யோவ் இண்டர்வெல்லு," என்று கண்டக்டர் ஒருநாள் கத்தினார். "நேத்து ஒரு அம்மா திண்டிவனத்துக்கு டிக்கெட்டு எடுத்துட்டு விக்கிரவாண்டியிலயே எறங்கி ஓடிச்சி. என்னா பேஜாரு பண்ணிக்கினு இருக்க?"

"அந்த அம்மாவுக்கு ரசனை இருக்குய்யா."

மழையில், திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பெண் எங்கோ போய்விடுவாள். தாய் வந்து பார்ப்பாள், கட்டில் காலி. அந்த இடம் வரும்போது பஸ் கூட்டேரிப்பட்டில் நிற்கும். "இண்டர்வெல்!" என்பார். எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார். திண்டிவனம் வரை வாய் அதற்கு மட்டும்தான்.

"மீதிக் கதை?"

"பதினஞ்சு நிமிஷத்துல சொன்னா படத்துக்கு மரியாதை இல்ல சார்."

சாயங்காலம் திரும்பும்போது சொல்லலாமே என்றால், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே தூங்கிவிடுவார். ஆக, பதினோரு வருடமாக ஒரு பஸ்ஸே அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தது.

அலுவலகத்திலும் ரெக்கார்டு ரூம் கதவு ஒரு சாண்தான் திறந்திருக்கும். புதிதாக வந்த அதிகாரி காரணம் கேட்டார். "சாத்தியிருந்தா உள்ள யாரும் இல்லன்னு தெரிஞ்சிடும் சார். ஒரு சாண் தெறந்திருந்தா, யாரோ இருக்காங்கன்னு ஒருத்தனும் ஃபைல்ல கைய வைக்க மாட்டான்." அதன் பிறகு அதிகாரி அந்த அறைக்குத் தனியாகப் போனதே இல்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வந்த போனை அப்படி எழுத முடியவில்லை.

கடலூரில் தன் அம்மா வீட்டில் இருந்த என் மனைவி பேசினாள். "யாழினி காலேஜ் விட்டுப் போன பஸ்ஸு வளவனூர்கிட்ட கரும்புக் கொல்லையில எறங்கிடுச்சாம்ங்க. அவ போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது. அடிபட்டவங்கள முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்களாம். நான் வந்து சேர ரெண்டு மணி நேரமாவும். நீங்க ஓடுங்க."

யாழினி எங்களுக்கு ஒரே பெண். செருப்பை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நான் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் பையோடு இண்டர்வெல் வந்தார். "ஜல்தி வாங்க சார், பஸ்ஸ எடுத்துடுவான்."

பஸ்ஸில் அவள் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவர் போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "அடிச்சிக்கினே இருந்தா சார்ஜ் போயிடும். பாப்பா அடிக்கும்போது வேணுமில்ல?" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மலை மேல ஒரு வீடு சார்."

"சார், இப்ப இது தேவையா?"

"கேளுங்க."

கேட்டேன். வேறு என்ன செய்வது? கண்ணாடியில் மழை வழிந்தது. வெளியே வயல் எது, ஏரி எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளி நிறம். பஸ் தரையில் ஓடுவதாகவே தோன்றவில்லை. அவர் குரலுக்குள் எங்கோ மிதந்து போனது. மலைவீட்டின் கட்டிலில் யாழினியின் போர்வை கிடந்தது. கூட்டேரிப்பட்டு எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. பொட்டலத்தை அவர் பிரிக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

"அந்த அம்மா தேடிக்கினு ஓடல சார். கதவு பக்கத்துலயே உக்காந்துடுச்சி. கதவ ஒரு சாண் தெறந்து கையால புடிச்சிக்கினே இருந்துச்சி. அந்தப் பக்கமும் யாரோ புடிச்சிக்கினு இருக்காங்க. மழை நிக்குது. அந்த சந்துல ஒரு சின்னக் கை வருது. அந்தப் பொண்ணுதான். ஈரத் தலையோட நின்னுக்கினு, அம்மா பசிக்குதுன்னு சொல்லுது."

முன்சீட்டுப் பூக்காரம்மா திரும்பினார். "அப்ப கதவத் தெறந்தது யாருங்க?"

"பேயிதான். வழி தெரியாம நிக்கிற புள்ளைக்கு, வீடு இங்க இருக்குதுன்னு காட்டத் தெறந்துச்சி. பேயின்னா புள்ளகுட்டி இருக்காதாம்மா?"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். முண்டியம்பாக்கம் வந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் யாழினி உட்கார்ந்திருந்தாள். புருவத்துக்கு மேல் மூன்று தையல். தலையெல்லாம் ஈரம்.

"அப்பா, போன் ஒடஞ்சி போச்சிப்பா," என்று அழுதாள். அடுத்த மூச்சில், "பசிக்குதுப்பா. எதுனா வாங்கினு வந்தியா?"

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இண்டர்வெல் மல்லாட்டைப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

தையல் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாழினி லேப்டாப்பில் அந்த முதல் பாகத்தைப் போட்டாள். சேர்ந்து பார்த்தோம். பாதிவரை அவர் சொன்னது சொன்னபடி, கதவின் கிறீச் உட்பட. மனிதர் பொய் சொல்லவில்லை, அபூர்வமான படம்தான். காலிக் கட்டிலுக்குப் பிறகு எல்லாம் வேறு. தாய் மலையெல்லாம் தேடுகிறாள். பெண் வரவேயில்லை. கடைசியில் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது.

"முடிஞ்சிதா?"

"அவ்ளோதான்பா."

திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தேன். "சார், அன்னிக்கி நீங்க சொன்ன ரெண்டாம் பாதி..."

அவர் ஜன்னல் கண்ணாடியை ஒரு சாண் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தார். விக்கிரவாண்டியும் கடந்துவிட்டது.

"சிரிக்கக் கூடாது சார். படம் பாக்கப் போன அன்னிக்கி இண்டர்வெல்லுல பப்ஸ் வாங்க வெளிய வந்தேன். திரும்பிப் பாக்குறேன், தியேட்டர் கதவு ஒரு சாண் தெறந்து இருக்குது. உள்ள போக தைரியம் வரல. நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்."

"அதுக்கப்புறம் பாக்கவே இல்லயா?"

"பாத்தவரைக்கும் நல்ல படந்தானே சார்." பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "நீங்க முழுசா பாத்துட்டீங்க போல. அந்தப் பொண்ணு... வருதா சார்?"

பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. பொட்டலத்தின் முடிச்சில் அவர் விரல் அப்படியே இருந்தது.

"வருது சார்," என்றேன். "நீங்க சொன்ன மாதிரியேதான். ஈரத் தலையோட."

அவர் பொட்டலத்தைப் பிரித்து, முதல் பிடியை என் கையில் கொட்டினார்.